கடைக்கு வருபவரும் கடையில் நிற்பவரும்

அக்காவின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைப்பவர்கள் எழுதியவை. புடவைக்கடை, ஹார்ட்வெயார், ஹோட்டல், தொலைபேசிச் சேவை என்று பல இடங்களிலிருந்து வந்திருக்கின்றன. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு மருந்துக் கடையில் என் வேலைக்காலம் முழுவதையும் கழித்தவள் நான். ஆகவே இந்த விஷயத்தில் எனக்குச் சொல்ல நிறைய உண்டு. முதல் கடிதத்துக்கு அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அக்கா, நான் வெள்ளவத்தையில காலி வீதியில ஒரு புடவைக்கடையில வேலை செய்யிறன். வந்த புதுசில எனக்கு ஆக்களோட கதைக்க நல்ல விருப்பம். கலியாணத்துக்குச் சாறி எடுக்க வாறவையோட நானும் சேர்ந்து சந்தோசப்படுவன். இப்ப ஆரும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ள வந்தாலே எரிச்சல் வருது. போன கிழமை ஒரு அம்மா கனக்கச் சாறி விரிச்சுப் பாத்திட்டு “பிறகு வாறன் பிள்ளை” எண்டு எழும்பினா. நான் ஒண்டும் பறையாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு மடிக்கத் தொடங்கிட்டன். படியில இறங்கேக்க அவ ஒருக்காத் திரும்பிப் பாத்தவ. அந்தப் பார்வை என்ர மனசை விட்டுப் போகுதில்லை. நான் ஏன் இப்பிடி மாறினன்? பழையபடி வர ஏலுமோ?
– பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்: ஏலும் தங்கச்சி. கட்டாயம் ஏலும். ஒரு கிழமை போயும் அந்தப் பார்வை உங்களை உறுத்துகிறதே, மனசு மரத்துப் போனவருக்கு அப்படி உறுத்தாது.

ஆனால் மனசைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் உங்கள் கால்களைப் பற்றிக் கேட்கிறேன். கடை திறந்ததிலிருந்து சாத்தும் வரை எத்தனை தரம் உட்காருகிறீர்கள்? சாறி பார்க்க வருகிறவர்களுக்குக் கதிரை போட்டிருக்கும். காஷ் மேசையில் கதிரை இருக்கும். விரித்துக் காட்டுகிற பிள்ளைக்கு எங்கேயும் ஒரு ஸ்டூல்கூட இராது. ஆளில்லாத நேரம் பார்த்துச் சுவரில் சாய்ந்தால் “என்ன பிள்ளை, நித்திரையோ?” என்று கேட்கிற மனேஜர்மார் உண்டு. மத்தியானச் சோற்றை மூன்று மணிக்கு ஸ்டோருக்குள் அவசரமாக விழுங்கிவிட்டு, வீங்கிய காலோடு வந்து நிற்கிற பெண்ணிடம் ஐந்து மணிக்கு முகமலர்ச்சியைத் தேடுவது அநியாயம். எரிச்சலில் பாதி உடம்பிலிருந்துதான் வருகிறது. மருந்துக் கடையில் நான் கவனித்திருக்கிறேன். காலையில் “இருங்கோ அம்மா, எடுத்துத் தாறன்” என்று சொன்ன அதே வாய், விளக்கு வைக்கும் நேரத்தில் “கொஞ்சம் பொறுங்கோ” என்று வெட்டிப் பேசும். ஆளும் அதே ஆள், கடையும் அதே கடை.

கேரளத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் புடவைக்கடைப் பெண்கள் இதற்காகவே போராடினார்கள். வேலை நேரத்தில் உட்கார விட வேண்டும் என்று கேட்டார்கள். 2018இல் அந்த மாநில அரசு கடைகள் பற்றிய சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையை எழுதிவைத்தது. 2021இல் தமிழ்நாடும் அதைச் செய்தது. நம் இலங்கையில் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் இருக்கிறது. அதன்படி நாளுக்கு 8 மணி நேரம், கிழமைக்கு 45 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் நின்றால் ஒன்றரை மடங்குக் கூலி. கிழமைக்கு ஒன்றரை நாள் லீவு. தீபாவளிச் சீசன் என்று சொல்லி ஓ.ரி. காசை விழுங்க எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. நீங்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து மனேஜரிடம் போய், ஆளில்லாத நேரம் இருக்க இரண்டு ஸ்டூலும், முறை வைத்துச் சாப்பிட ஒழுங்கான நேரமும் கேளுங்கள். தனியாகக் கேட்டால் உங்கள் பெயர் கெடும். சேர்ந்து கேட்டால் அது கடை விஷயமாகிவிடும்.

இனி அந்த அம்மா. அவர் ஏன் அத்தனை சாறியை விரித்துப் பார்த்துவிட்டு எழும்பிப் போனார்? உங்கள் நேரத்தை வீணாக்க வந்தவராக எனக்குத் தெரியவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம் வரை போனது. பிறகு அது இறங்கியது உண்மை. ஆனால் ஏறின விலைகள் பெரும்பாலும் ஏறின இடத்திலேயே நின்றுவிட்டன. 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானது. பென்சனோ பிள்ளை அனுப்பும் காசோ நம்பியிருக்கிற ஒரு குடும்பத் தலைவி புடவைக்கடைக்குள் வந்தால், சாறியின் கரையைக் கை தடவும்போதே தலைக்குள் கணக்கு ஓடும். தங்கச்சிக்கு ஒன்று, சம்பந்திக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று நினைத்து வந்திருப்பார். இரண்டாவதிலேயே காசு முடிந்திருக்கும். அதை உங்களிடம் வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வெட்கம். அதனால்தான் “பிறகு வாறன்.”

அந்த வெட்கம் அவருக்கு வராமல் செய்வது உங்கள் கையில் இருக்கிறது. “எவ்வளவுக்குள்ள பாக்கிறீங்கள்?” என்று கேட்காதீர்கள். எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் அந்தக் கேள்வி, பக்கத்தில் நிற்கிற நாலு பேருக்கு முன்னால் ஒருவரின் பேர்சைத் திறந்து பார்க்கிறது. அதற்குப் பதிலாக வந்தவுடன் நீங்களே சொல்லிவிடுங்கள்: “இந்தத் தட்டு முழுக்க ஐயாயிரத்துக்குள்ள அம்மா, இது பத்துக்குள்ள, மேல இருக்கிறது அதுக்கு மேல. பாருங்கோ, பிடிச்சதை எடுத்துத் தாறன்.” அவர் எந்தத் தட்டுக்கு முன்னால் போய் நிற்கிறார் என்பதில் எல்லாம் விளங்கிவிடும். ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. உங்களுக்கும் அவர் எடுக்க மாட்டாத சாறிகளை விரித்து மடிக்கிற வேலை மிச்சம்.

மருந்துக் கடையிலும் இதுவே நடக்கும். டொக்டர் ஒரு மாதத்துக்கு எழுதிய துண்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். “முழுக்க வேணுமோ?” என்று கேட்டால் தலை குனியும். “எத்தனை நாளைக்குத் தரட்டும்?” என்று கேட்டால், “இப்போதைக்கு ஒரு பத்து நாளைக்குத் தாங்க” என்று நிமிர்ந்து சொல்லுவார்கள். வாங்குகிற மாத்திரையின் எண்ணிக்கை ஒன்றுதான். கேட்ட விதம் வேறு.

என்னோடு ஒரு மூத்த டிஸ்பென்சர் வேலை செய்தார். மாத்திரையைத் தட்டில் கொட்டி, ஸ்பட்டுலாவால் ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணுவார். எண்ணி முடித்ததும் உறைக்குள் போடுவதற்கு முன் தட்டை வாங்க வந்தவர் பக்கம் சற்றுத் திருப்புவார். “இந்த வெள்ளை பிரஷருக்கு, காலையில ஒண்டு. இந்தச் சின்னன் சீனிக்கு, சாப்பாட்டுக்கு முதல்.” வந்தவர் ஒருமுறை திருப்பிச் சொல்லும் வரைக்கும் உறையை ஒட்ட மாட்டார். எழுத்துத் தெரியாதவர்களுக்கு உறையின் மேல் பேனையால் ஒரு சூரியன், ஒரு பிறை. காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை. தமிழ் ஆச்சிக்கும் சிங்கள ஆச்சிக்கும் முஸ்லிம் உம்மாவுக்கும் அதே சூரியன், அதே பிறை. பின்னால் பத்துப் பேர் நின்றாலும் அந்தப் பிறையை வடிவாகக் கீறுவார். அந்த மனுஷன் சிரித்து நான் கண்டது அபூர்வம். அப்படியிருந்தும் அவர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தால், அவர் வரும் மட்டும் பெஞ்சில் காத்திருந்து மருந்து வாங்குகிறவர்கள் இருந்தார்கள்.

இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ‘பழையபடி’ என்று நீங்கள் சொல்வது அந்த நாளையச் சிரிப்பையும் கலகலப்பையும். அது இளம் வயதின் கலகலப்பு, திரும்பி வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டாலும் நீங்கள் கனிவில்லாதவள் ஆகிவிட மாட்டீர்கள். செய்கிற வேலையில், வந்தவருக்கு உதவுகிற மாதிரி ஒரு சின்னக் காரியத்தை ஒழுங்காகச் செய்யுங்கள். சிரிக்க முடியாத நாளிலும் அதைச் செய்ய முடியும்.

உங்கள் வேலைக்கே சில காரியங்கள் சொல்கிறேன். சாறி மடிப்பதுதான் உங்களைக் கொல்கிறது என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. நாலைந்துக்கு மேல் விரித்து வைக்காதீர்கள். அடுத்ததை எடுக்கும் முன், “இதில எது வேண்டாம் அம்மா?” என்று கேளுங்கள். வேண்டாததைக் கையோடு மடியுங்கள். “இந்தத் தலைப்பை ஒருக்காப் பிடிங்கோ” என்று அவரிடமே ஒரு முனையைக் கொடுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள், அனேகம் பேர் சந்தோஷமாகப் பிடிப்பார்கள். ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சாறி மடிக்கிற இரண்டு பெண்கள் பேசாமல் இருக்க மாட்டார்கள். யாருக்குக் கலியாணம், மாப்பிள்ளை எங்கே என்றெல்லாம் கதை வரும். நீங்கள் தொலைத்துவிட்டதாக நினைக்கிற சந்தோஷம் அந்தக் கதையில்தான் இருந்தது.

இன்னொன்று. நிறத்தை டியூப் லைட்டில் காட்டி விற்காதீர்கள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மாம்பழ மஞ்சள் என்று வாங்கிய சாறி வீட்டில் வேறு மஞ்சளாக இருப்பதைக் கண்டு மனம் வெம்பாத பெண் கிடையாது. மாற்றித் தரச் சொல்லி அவர் வருவார், பில்லைக் கேட்டு நீங்கள் சண்டை பிடிப்பீர்கள். பாதிச் சண்டை அந்த வாசலிலேயே தீர்ந்துவிடும்.

அந்த அம்மா திரும்பி வந்தால் அன்றைய நாளைப் பற்றி ஒன்றும் எடுக்காதீர்கள். “வாங்கோ அம்மா, அண்டைக்கு நீங்க பாத்த பச்சை இன்னும் இருக்கு” என்று சொல்லுங்கள். அவர் பார்த்தது எது என்பதை நினைவு வைத்திருந்தீர்களே, அதுவே அவருக்குப் போதும்.

கேள்வி: பழைய சோனகத் தெருவுல ஹார்ட்வெயார் கடை வச்சிருக்கேன். கஸ்டமரைச் சிரிச்ச முகமாக் கவனிக்கணும்னு பையன்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. ஒரு ஆளைக் கூப்பிட்டுப் பயிற்சியும் குடுத்தேன். கேமராவும் பூட்டினேன். அப்படியும் கஸ்டமரோட வாய்த்தர்க்கம் போடுறாங்க. நாலு மாசம் நிக்கிறதில்ல, வேற கடைக்குப் போயிடுறாங்க. இந்தக் காலத்துப் பையன்களுக்கு மரியாதை தெரியாதா?
– முதலாளி ஒருவர், கொழும்பு 12

பதில்: ஐயா, உங்கள் கடையில் நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள்.

ஒருவர் நேற்று வாங்கின முக்கால் அங்குலக் குழாய் எல்போவைக் கொண்டு வருகிறார். அவருக்கு வேண்டியது அரை அங்குலம். சாமான் பாவிக்கவில்லை, பில் இருக்கிறது. வீட்டில் பிளம்பர் பாஸ் நாட்கூலிக்கு வந்து குந்தியிருக்கிறார். பையனுக்கு இது ஒரு நிமிட வேலை. ஆனால் மாற்றிக் கொடுக்க அவனுக்கு அதிகாரம் இல்லை. உங்களிடம் கேட்க வேண்டும். நீங்கள் போனில் இருக்கிறீர்கள். இரண்டாம் முறை வந்து நின்றால் கையைக் காட்டித் துரத்துவீர்கள். வந்தவர் குரலை உயர்த்துகிறார். இப்போது அந்தப் பையனிடம் இருப்பது வாய் மட்டும்தான். “அது அப்பவே பாத்து வாங்கியிருக்கணும்” என்கிறான். நீங்கள் போனை வைத்துவிட்டு, வந்தவருக்கு முன்னால் “டேய், கஸ்டமர்கிட்ட எப்படிப் பேசணும்னு தெரியாதா?” என்று கத்துகிறீர்கள். பிறகு நீங்களே சிரித்த முகத்தோடு எல்போவை மாற்றிக் கொடுக்கிறீர்கள். நல்ல பெயர் உங்களுக்கு. அவமானம் அவனுக்கு.

கடைகளில் நாம் காண்கிற வாய்த்தர்க்கத்தில் பெரும் பகுதி இப்படித்தான் பிறக்கிறது. தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்த ஆள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறான். எந்தப் பயிற்சியும் அதை மாற்றாது. அதிகாரத்தைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு தொகையை நீங்களே முடிவு செய்யுங்கள், இரண்டாயிரமோ மூவாயிரமோ. அதற்குள் இருக்கிற, பாவிக்காத, பில் உள்ள சாமானை உங்களைக் கேட்காமல் மாற்றிக் கொடுக்கலாம், கொப்பியில் எழுதினால் போதும் என்று எல்லோருக்கும் சொல்லுங்கள். அந்தக் கொப்பியைக் கிழமைக்கு ஒருமுறை பாருங்கள். எந்தச் சாமான் அடிக்கடி திரும்பி வருகிறது என்பதும் அதில் தெரியும். பையன்களோடு இருந்து அதைப் பேசுங்கள், திட்டுவதற்கு அதை எடுக்காதீர்கள்.

கஸ்டமர் முன்னால் “டேய்” என்று கூப்பிடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். முதலாளி எப்படிக் கூப்பிடுகிறாரோ அப்படியே வந்தவரும் அவனைக் கூப்பிடுவார். நாள் முழுக்க “டேய்” கேட்ட வாயிலிருந்து “வாங்க சேர்” வருவது கஷ்டம்.

அவர்கள் ஏன் நிற்பதில்லை என்பதற்கு ஈ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதிப் புத்தகத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அவர்களிடமிருந்து 8 சதவீதம், உங்கள் பக்கம் 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதியான ஈ.ரி.எஃப்.க்கு முழுக்க உங்கள் பக்கம் 3 சதவீதம். இது ஒழுங்காகப் போகிறதா? உங்களைப் பற்றி எனக்குத் தெரியாது, குற்றம் சொல்லவில்லை. ஆனால் புறக்கோட்டையில் இதைக் கட்டாத கடைகள் இருக்கின்றன, பையன்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறார்கள். நல்லபடி கட்டுகிற கடை எது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கேதான் போகிறார்கள்.

கேள்வி: அட்டனிலிருந்து வந்து கொழும்புல ஒரு கோல் சென்டர்ல வேலை செய்றேன் அக்கா. தமிழ் லைன்ல நாங்க கொஞ்சப் பேர்தான். ஆளுங்க நிறைய நேரம் காத்திருந்து வாறதால எடுத்த உடனே கெட்ட வார்த்தைதான். எழுதித் தந்ததை அப்படியே வாசிக்கணும், இத்தனை நிமிசத்துக்குள்ள முடிக்கணும்னு வேற சொல்றாங்க. திட்டுறவனுக்கும் நான் கனிவா இருக்கணுமா? ராத்திரி ரூமுக்குப் போனா அம்மாகிட்டகூட போன்ல பேசப் பிடிக்கல.
– தெமட்டகொட

பதில்: தம்பி, கோபத்தில் கத்துகிறவரும் உங்களைத் தூஷணத்தால் ஏசுகிறவரும் வேறு வேறு ஆட்கள். முதல் ஆளைக் கேளுங்கள். பாதி நிமிடம் குறுக்கிடாமல் கேட்டால் அனேகமாக இறங்கி வருவார். இரண்டாம் ஆளிடம் “இப்படிப் பேசினீங்கன்னா நான் லைனை வைக்க வேண்டி வரும்” என்று ஒரு முறை சொல்லிவிட்டு வையுங்கள். அப்படி வைக்கலாம் என்று உங்கள் சூப்பவைசரிடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தூஷணத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது எந்தச் சம்பளத்திலும் சேராது.

அம்மாவோடு பேசப் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது. ஆர்லி ஹொக்சைல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களின் வேலையைப் பார்த்து 1983இல் எழுதினார். சம்பளத்துக்காக முகத்தையும் குரலையும் இதமாக வைத்திருப்பதும் ஓர் உழைப்புதான், அதுவும் ஆளைக் களைக்கவைக்கும் என்றார். உங்களுக்கு நடப்பது அதுதான். அம்மாவின் மேல் பாசம் குறையவில்லை, பகல் முழுக்கக் குரலைக் கொடுத்து முடித்துவிட்டீர்கள். வேலை முடிந்து ரூமுக்குப் போகும் வழியில் யாரோடும் பேசாமல் கொஞ்ச நேரம் நடங்கள். சாப்பிடுங்கள். பிறகு அம்மாவை எடுங்கள். “களைப்பா இருக்கும்மா, நீங்க பேசுங்க, நான் கேக்கிறேன்” என்று சொன்னால் அவர் பேசிக்கொண்டே போவார்.

எழுதித் தந்ததை வாசிப்பது பற்றி. அதற்குள்ளேயே உண்மையைச் சொல்ல இடம் இருக்கிறது. இன்றைக்கு ஆகாது என்று தெரிந்தால் “இன்னைக்கு ஆகாதுங்க, நாளைக்குப் பகலைக்குப் பிறகு பாருங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பொய் நம்பிக்கை கொடுத்தால் அதே ஆள் நாளைக்கு இரண்டு மடங்கு கோபத்தோடு இன்னொரு பிள்ளையின் காதில் விழுவார். தோட்டத்திலிருந்து ஒரு பாட்டி, ரீலோட் போட்ட நூறு ரூபாய் இரவோடிரவாக வெட்டுப்பட்டுப் போனது ஏன் என்று விளங்காமல் எடுப்பார். அவருக்கு நூறு ரூபாய் பெரிய காசு. கேட்டு வராத ஏதோ சேவை அவர் போனில் ஏறியிருக்கும். அதை நிறுத்திவிட்டு, “இனி வெட்டாது பாட்டி” என்று அவர் பேச்சிலேயே சொல்ல அந்த லைனில் உங்களைப் போன்ற சிலர்தான் இருக்கிறீர்கள். நிமிடக் கணக்கில் கொஞ்சம் கூடினால் கூடட்டும்.

கேள்வி: சைவக் கடையில வெயிட்டரா இருக்கேன். டிப்ஸ் வைக்காதவங்களையும் ஒரே மாதிரிக் கவனிக்கணுமா?
– பம்பலப்பிட்டி

பதில்: ஆமாம் தம்பி. பிளேன்ரீ மட்டும் குடிக்க வருகிறவருக்கும் முதலில் மேசையைத் துடைத்துவிட்டு வையுங்கள். பில்லில் சேர்விஸ் சார்ஜ் என்று 10 சதவீதம் உங்கள் கடையில் எடுக்கிறார்கள் என்றால், அது உங்கள் கைக்கு எப்படி வருகிறது என்று முதலாளியிடம் தன்மையாகக் கேளுங்கள். வாடிக்கையாளரின் சில்லறையை விட அதுதான் கேட்க வேண்டிய கணக்கு.

கேள்வி: நீங்கள் எப்போதும் வேலை செய்பவர்கள் பக்கமே பேசுகிறீர்கள். நான் ஓர் அத்தாட்சிப் பத்திரத்துக்காக அரச அலுவலகம் ஒன்றுக்கு மூன்று முறை போனேன். ஒவ்வொரு முறையும் ஒரு புதுத் தாள் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். எனக்குச் சிங்களம் அரைகுறை. அந்தக் கதிரையில் இருந்தவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இப்படிப்பட்டவர்களிடம் நாங்கள் ஏன் பண்பாக நடக்க வேண்டும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மட்டக்குளி

பதில்: அலுவலகத்தின் பெயரை எழுதியிருந்தீர்கள் ஐயா, அதை இங்கே அச்சிடவில்லை. உங்கள் கோபம் நியாயமானது. உங்கள் வயதில் 155 பஸ்ஸில் ஏறி இறங்கி மூன்று முறை அலைவது சின்ன விஷயம் அல்ல. முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்வது எந்த வேலைப் பளுவாலும் நியாயமாகாது.

ஆனால் வரிசையில் நிற்கிற நாமும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 2022இல் பெற்றோல் ஷெட் வரிசைகள் உங்களுக்கு மறந்திருக்காது. வெயிலில் நின்றவர்களுக்குப் போத்தலில் தண்ணீரும் தேத்தண்ணியும் கொண்டுவந்து கொடுத்த வீட்டுக்காரர்களை நான் கண்டேன். அதே வரிசையின் முன்னால், பெற்றோல் அடிக்கிற பையனை வாயில் வந்தபடி ஏசியவர்களையும் கண்டேன். எண்ணெய்க் கப்பல் வராததற்கு அந்தப் பையன் என்ன செய்வான்? இரண்டு பக்கத்திலும் இருந்தவர்கள் நம்முடைய ஆட்கள்தான். இப்போதும் கடையில் காஷியர் எண்ணிக் கொடுக்கிற மிச்சக் காசைப் போனில் பேசிக்கொண்டே, அவரைத் திரும்பியும் பாராமல் வாங்குகிறவர்களைத் தினமும் காண்கிறேன். அந்த காஷியருக்கும் உங்களுக்கு நடந்ததே நடக்கிறது.

உங்கள் அலுவலுக்கு வருகிறேன். 1987இல் வந்த 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. கொழும்பில் உள்ள அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் உங்களுக்கு அரசியலமைப்பே உரிமை தருகிறது. ஆகவே கூச்சப்படாமல் தமிழில் கேளுங்கள். விளங்கவில்லை என்றால், தமிழ் தெரிந்த உத்தியோகத்தரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

நாலாம் முறை போகும்போது வரிசை குறைந்த நேரம் பார்த்துப் போங்கள். வணக்கம் சொல்லிவிட்டு “எது இல்லை?” என்று கேட்காமல், “இந்த அலுவலுக்கு மொத்தம் என்னென்ன தாள் வேணும்? எல்லாத்தையும் ஒரு துண்டில எழுதித் தருவீங்களா?” என்று கேளுங்கள். எழுதத் தொடங்கினால் மனுஷருக்கு முழுதும் ஞாபகம் வரும். எழுதி முடித்ததும் திகதியும் கையொப்பமும் போடச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் அவர் கண்முன்னாலேயே நீங்கள் எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அந்தத் துண்டைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த முறை அந்தக் கதிரையில் வேறு ஆள் இருந்தாலும் அதைக் காட்டலாம்.